கோபத்துக்கு ஒரு தாளம்

(ஹெவி மெட்டல் இசையும் கேட்பவர் மனமும் என்ற பொருளில், பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றேதான். "என் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ தொண்டை கிழியக் கத்துகிற பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறான். போடுகிற சட்டையெல்லாம் கறுப்பு, அதில் மண்டையோடு. இது அவன் மனதைக் கெடுத்துவிடுமா?" இந்தக் கவலை நியாயமானது. பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்று பார்க்கிற தாய், என்ன கேட்கிறான் என்றும் பார்க்கத்தான் செய்வாள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெவி மெட்டல், மனதில் இல்லாத கோபத்தைக் கொண்டுவந்து விதைப்பதில்லை. அங்கே முன்பே இருக்கிற கோபத்துக்கும் துக்கத்துக்கும் அது ஒரு வடிவம் தருகிறது. பெரும்பாலோருக்கு அந்த வடிவம் ஆறுதலாகிறது. மனம் ஏற்கெனவே நொந்துபோன சிலருக்கு, சில வேளைகளில், அது பாரமாகவும் ஆகிறது. உங்கள் பிள்ளைக்கு அது எதுவாக இருக்கிறது என்பது சட்டையைப் பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

இந்த இசை பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் குடியிருப்புப் பகுதி. அங்கே பள்ளி முடித்த பையன்களுக்குப் பெரும்பாலும் ஆலை வேலைதான் கதி. டோனி ஐயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகட்டு உலோக ஆலை ஒன்றில் வேலை பார்த்தான். கிட்டார் வாசிப்பான். வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு கிளம்ப முடிவு செய்திருந்தான். ஆலையில் அவனுக்குக் கடைசி நாள். அன்றைக்குத்தான் இயந்திரம் அவனுடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் நசுக்கி எடுத்தது. அவன் இடக்கைக்காரன். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன.

இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். சோர்ந்து கிடந்தவனிடம் ஆலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகம் கொண்டாடிய ஜாஸ் கிட்டார் கலைஞர் அவர். ஐயோமி எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் துலக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல்நுனிக்கு உறை செய்தான். அது தந்தியில் வழுக்கியது. பழைய தோல் மேற்சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினான். கெட்டியான தந்திகளை அழுத்தினால் வலித்தது. மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பிற்காலத்தில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் குழு 1971-இல் வெளியிட்ட மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்கள் வழக்கமான சுருதிக்கு மூன்று அரைச்சுரம் கீழே ஒலிக்கின்றன. உலகமே 'கனமானது' என்று அடையாளம் கண்ட அந்த ஒலியின் வேர்களில் ஒன்று, ஒரு தொழிலாளிப் பையனின் காயம்.

அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. முதல் பாட்டு மழைச் சத்தத்தோடு தொடங்கும். இடி முழங்கும். தூரத்தில் தேவாலய மணி அடிக்கும். பிறகு கிட்டாரில் மூன்றே சுரங்கள் வரும். கர்நாடக இசை அறிந்தவர்கள் மனதுக்குள் பாடிப் பாருங்கள்: ச, மேல் ஸ்தாயி ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். அவ்வளவுதான். இறங்கிய இடத்திலேயே அது நின்று நடுங்கும். மெதுவாக, மிக மெதுவாக, அதே மூன்று சுரங்கள் திரும்பத் திரும்ப வரும்.

ச-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு ஐரோப்பிய இசை நூலோர் 'இசையில் சாத்தான்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நமக்கோ அதே பிரதி மத்யமம் கல்யாணி ராகத்தின் உயிர். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி, முப்பத்தாறு ராகங்கள், அதைக் கொண்டே நடக்கின்றன. அங்கே அச்சம் தந்த இடைவெளி இங்கே மங்கலம் தருகிறது. சுரத்துக்குள் சாத்தானும் இல்லை, தெய்வமும் இல்லை. எந்த வேகத்தில், எந்தக் குரலில், எந்தக் காதுக்கு அது போய்ச் சேர்கிறது என்பதே அது எழுப்பும் உணர்வைத் தீர்மானிக்கிறது. இன்று நான் சொல்லவிருக்கும் மற்றவற்றுக்கும் இதுவே அடிப்படை.

அப்படியானால் முதன்முறை கேட்பவருக்கு ஏன் திடுக்கிடுகிறது? அதற்கு உடலில் காரணம் இருக்கிறது. மனிதனின் அலறல் சாதாரணப் பேச்சிலிருந்து வேறுபடுவது உரத்த சத்தத்தால் மட்டும் இல்லை. அலறும்போது ஒலியின் வலிமை நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. அந்தச் சொரசொரப்பு மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியை உசுப்புகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குழந்தையின் வீறிடலும் ஆம்புலன்ஸ் போன்ற எச்சரிக்கை ஒலிகளும் நம்மைத் தூக்கிவாரிப் போடுவது இதனால்தான். ஹெவி மெட்டலின் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு ஏற்றிய கிட்டாரும், 'க்ரௌல்' எனப்படும் உறுமல் குரலும் இதே சொரசொரப்பைக் கொண்டவை. ஆகவே முதல் நொடியில் உடல், ஆபத்து என்கிறது. பழகிய காதுக்கோ அடுத்த நொடியில் மனம், இது ஆபத்தில்லை, இசை என்கிறது. அஞ்சவேண்டிய ஒலிக்கு நடுவே அஞ்சாமல் நிற்கிற அந்த நிலையில் ஒரு பலம் பிறக்கிறது. இந்த இசையின் ரசிகர்களைக் கேட்டால், இதில் தங்களுக்குக் கிடைப்பது வலிமையும் மகிழ்ச்சியும் அமைதியும் என்று சொல்கிறார்கள். அமைதி என்று அவர்கள் சொல்வது மெய்யான அனுபவம்.

உறுமல் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதாகத்தான் தோன்றும். பயிற்சி உள்ளவர்கள் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்கள் என்ற மடிப்புகளை அதிரவிட்டு, மூச்சை அளந்து விட்டு, அந்தக் குரலை எழுப்புகிறார்கள். சைபீரியாவின் துவா மக்களுடைய அடித்தொண்டைப் பாடலிலும் இதே மடிப்புகள்தான் வேலை செய்கின்றன. வெறியில் வந்த கத்தலைப் போல ஒலித்தாலும், அது ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்து பெற்ற வித்தை.

பாடுபொருளும் நாம் நினைப்பது போல ஒரே மாதிரியானது இல்லை. பிளாக் சபாத் 1970-லேயே போரை நடத்தும் தலைவர்களைச் சபித்துப் பாடியது. அயன் மெய்டன் 1984-இல் கோல்ரிட்ஜின் நீண்ட கவிதை ஒன்றை எடுத்துக்கொண்டு பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டாக்கியது. மெட்டாலிகா 1988-இல், போரில் கை கால்களையும் கண்ணையும் காதையும் பேச்சையும் இழந்த ஒரு போர்வீரனின் மனதுக்குள் புகுந்து பாடியது. சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழு, வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத சுலோகங்களையும் இதே இசையில் பாடிவருகிறது. கொடூரமான வன்முறையை வர்ணிக்கும் பாடல்களும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த இசையைக் கூண்டில் ஏற்றிய வழக்குகளை இப்போது பார்ப்போம்.

1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்று பாட்டு வரிகளைப் பற்றி விசாரணை நடத்தியது. வாஷிங்டனின் செல்வாக்குள்ள பெண்மணிகள் சிலர் தொடங்கிய அமைப்பின் புகார் அது. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் கையில்லாத மேற்சட்டையும் விரிந்த தலைமுடியுமாக வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் படித்தார். தான் மணமானவன், மூன்று வயது மகனுக்குத் தந்தை, புகைப்பதில்லை, குடிப்பதில்லை என்று சொன்னார். தன் குழுவின் ஒரு பாடலில் வக்கிரம் இருப்பதாகக் குற்றம் சாட்டினார்களே, அது அறுவை சிகிச்சைக்குப் போகும் மனிதனின் பயத்தைப் பற்றியது என்று விளக்கினார். பயத்தைப் பற்றி எழுதிய பாட்டில் கேட்டவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்.

இதைவிடத் துயரமானது நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் 1990-இல் நடந்த வழக்கு. 1985 டிசம்பரில் இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் மூன்றாண்டுக்குப் பின் காலமானார். அன்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஜூடாஸ் பிரீஸ்ட் ஆல்பத்தில், செய் செய் என்று தூண்டும் இரகசியக் கட்டளை ஒளிந்திருப்பதாகக் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் நீதிமன்றத்திலேயே அந்தப் பாட்டைப் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. அவர் மூச்சை வெளியே விடும் ஓசையும் கிட்டாரின் ஓசையும் தற்செயலாகச் சேர்ந்து அப்படிக் கேட்கிறது, யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை என்று நீதிபதி முடிவு செய்து வழக்கைத் தள்ளுபடி செய்தார். விசாரணையில் வெளிவந்த அந்த இளைஞர்களின் வாழ்க்கையில் குடியும் போதையும் வீட்டு வன்முறையும் நிறைந்திருந்தன. பிள்ளையை இழந்த தாயின் வேதனையை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் நொறுக்கியவற்றை விட்டுவிட்டு, ஒரு பாட்டின் மூச்சுச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பதும் உண்மை.

ஆர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில் 1993-இல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று விடலைப் பையன்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவன் கறுப்பு உடுத்துபவன், மெட்டாலிகா ரசிகன்; அதையெல்லாம் சாத்தான் வழிபாட்டுக்கு அடையாளமாக நீதிமன்றத்தில் அடுக்கினார்கள். அவனுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். சம்பவ இடத்துத் தடயங்களின் மரபணு எதுவும் மூவரோடும் பொருந்தவில்லை என்று பின்னால் தெரிந்தது. 2011 ஆகஸ்டில் அவர்கள் வெளியே வந்தபோது பதினெட்டு ஆண்டுகள் போயிருந்தன. மொராக்கோவின் காசாபிளாங்காவிலும் 2003-இல் பதினான்கு இளைஞர்கள் இந்த இசைக்காகவே சாத்தானியம் என்ற பெயரில் சிறைக்குப் போனார்கள். மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, மேல்முறையீட்டில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். ரசனையைக் குற்றத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பதினெட்டு ஆண்டுகள் போதாதா?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் பிளாக் மெட்டல் என்ற உட்பிரிவு வட்டத்தைச் சேர்ந்த சிலர் பழமையான மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1993-இல் ஒரு இசைக்கலைஞரை இன்னொரு இசைக்கலைஞரே கொன்று, 21 ஆண்டு தண்டனை பெற்றார். இவை நடந்தவை, இவற்றுக்கு நியாயம் கிடையாது. ஆனால் அது ஒரு சிறு குழுவின் வெறுப்பும் போட்டியும் செய்த வேலை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்கும் இசை அதைச் செய்யவைக்கும் என்றால், நாள்தோறும் அல்லவா நடக்க வேண்டும்?

ஊகங்களை விட்டு ஆய்வுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மனும் ஜெனிவீவ் டிங்கிளும் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 34 வயது வரையுள்ள, இவ்வகை இசையைக் கேட்கும் 39 பேர். முதலில் 16 நிமிடம், தங்களைக் கோபப்படுத்திய நிகழ்வுகளை நினைவுகூர்ந்து பேச வைத்தார்கள். காதல், வேலை, பணம் என்று அவரவர் புண்ணைக் கிளறினார்கள். இதயத் துடிப்பு ஏறியது. பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த பாடல்களைப் பத்து நிமிடம் கேட்டார்கள். மற்றவர்கள் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தார்கள். இசை கேட்டவர்களின் இதயத் துடிப்பு ஏறிய இடத்திலேயே நின்றது, மேலும் ஏறவில்லை. ஆனால் மனதிலிருந்த பகையும் எரிச்சலும் அழுத்தமும் குறைந்தன. சும்மா இருந்தவர்களுக்கு எவ்வளவு தணிந்ததோ, அவ்வளவு இவர்களுக்கும் தணிந்தது. கூடவே ஊக்கமும் பிறந்தது.

உடல் கொதித்துக்கொண்டே இருக்க, மனம் தணிகிறது. நமக்கு இது புதிதா? நம் ஊரில் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறார்கள். மார்பில் அடித்துக்கொண்டு, கூந்தல் அவிழ, ஊர் கேட்கப் பாடுகிறார்கள். ஒப்பாரி துக்கத்தை வளர்க்கிறது என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். அழாமல் உறைந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான், அழவையுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்பாள். துக்கத்துக்கு நாம் ராகம் கொடுத்திருக்கிறோம். பர்மிங்காம் ஆலைத் தெருக்களின் பிள்ளைகள் கோபத்துக்குத் தாளம் கொடுத்தார்கள்.

வன்முறைப் பாடல்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் பில் தாம்ப்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் ஒரு நுட்பமான சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதாரணப் படம். மூளை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டாது. மாறி மாறிக் காட்டும். பொதுவாக வன்முறைப் படமே அதிக நேரம் தெரியும், ஏனென்றால் ஆபத்தைக் கவனிப்பது மூளையின் இயல்பு. வன்முறையில் மரத்துப்போன மனமாக இருந்தால் அந்தக் கவனம் குறையவேண்டும். மரணத்தை விரிவாக வர்ணிக்கும் டெத் மெட்டல் வகைப் பாடலைக் கேட்டுக்கொண்டே பார்த்தபோதும், அந்த இசையின் ரசிகர்களுக்கு அந்தக் கவனம் மற்றவர்களைப் போலவே இருந்தது. அவர்கள் மனம் மரத்துப்போயிருக்கவில்லை. பாட்டில் வரும் ரத்தம் வேறு, கண்முன் சிந்தும் ரத்தம் வேறு என்று அது பிரித்தறிந்திருந்தது.

காலம் கடந்து பார்த்த ஆய்வும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாஷா ஹௌவும் குழுவினரும், 1980-களில் இளமையில் இந்த இசையில் திளைத்தவர்களை நடுவயதில் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். போதை, துணிகரம் என்று கரடுமுரடான இளமைதான் பலருக்கு. ஆனாலும் அக்காலத்தில் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகவும், இப்போது நல்லபடியாக வாழ்வதாகவும் சொன்னார்கள். தங்களைப் போன்றவர்களோடு சேர்ந்திருந்ததே தங்களைத் தாங்கிப் பிடித்தது என்பது அவர்கள் அனுபவம்.

அந்தக் கூட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் மோதிக்கொண்டு ஆடும் 'மோஷ் பிட்' பார்ப்பவருக்கு அடிதடி போலத் தெரியும். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2013-இல் மோஷ் பிட் வீடியோக்களை அளந்து பார்த்து, அங்கே மனிதர்கள் வாயுவின் மூலக்கூறுகளைப் போல நகர்கிறார்கள் என்று கண்டார்கள். அந்தக் கலவரத்துக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யாராவது கீழே விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும். ஜெர்மனியின் வாக்கன் ஏறத்தாழ 2,000 பேர் வாழும் கிராமம். 1990-இல் சில நூறு பேரோடு தொடங்கிய அதன் இசைவிழாவுக்கு இப்போது 80,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவும் அந்த மேடையில் வாசிக்கும். கறுப்புச் சட்டைக் கூட்டம் அதற்கும் ஆடும். பிளாக் சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நோய் முற்றி நடக்க முடியாத நிலையில், 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் சிம்மாசனத்தில் அமர்ந்தபடி கடைசியாகப் பாடினார். பதினேழு நாள் கழித்து இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பார்க்க பர்மிங்காம் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் கூடி அழுதார்கள். இவர்களையா மனம் மரத்தவர்கள் என்கிறோம்?

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

மனச்சோர்வின் பிடியில் இருக்கும் பிள்ளை, எந்த இசையையும் தன்னை மேலும் அமிழ்த்திக்கொள்ளப் பயன்படுத்தலாம். மெல்பர்னின் கட்ரீனா மெக்ஃபெரன், பின்லாந்தின் சுவி சாரிகல்லியோ போன்ற ஆய்வாளர்கள் 13 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். இளைஞன் எந்த வகை இசையைக் கேட்கிறான் என்று அது கேட்பதில்லை. கேட்ட பிறகு மனம் லேசாகிறதா, இல்லை இன்னும் மோசமாகிறதா, பழைய வேதனையையே சுற்றிச் சுற்றி வருகிறதா, மனிதர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள இசையை நாடுகிறானா என்றுதான் கேட்கிறது. மெல்லிசைக் காதல் தோல்விப் பாட்டிலும் ஒருவன் மூழ்கிப் போகலாம். உறுமலைக் கேட்டுவிட்டு ஒருவன் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

காதையும் காப்பாற்ற வேண்டும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் நான்கே மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இழந்த செவித்திறன் திரும்பாது. கச்சேரிக்குப் போகிற பிள்ளைக்கு இயர்பிளக் வாங்கிக் கொடுங்கள். தடுப்பதைவிட அது பயனுள்ளது.

பெற்றோரே, இன்றிரவு வீட்டுக்குப் போய் ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது? எனக்கும் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். முழுப் பாட்டையும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். முகம் மட்டும் சுளிக்காதீர்கள். பிறகு, "இதைக் கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். நன்றாக இருக்கும், மனம் லேசாகும் என்றால் நம்புங்கள். பதில் சொல்லாமல் கண் கலங்கினால், தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், அதைப் பாட்டின் மேல் பழிபோட்டுக் கடந்துவிடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஆசிரியர்களே, கறுப்புச் சட்டையை வைத்து எந்த மாணவனையும் எடைபோடாதீர்கள். மாணவர்களே, நீங்கள் கேட்கிற இசை உங்களைத் தூக்கி நிறுத்துகிறதா, அழுத்துகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்துகிற நாளில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். இளைஞனின் கோபத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். இசையை நிறுத்திவிட்டால் அந்தக் காரணம் போய்விடாது. அது என்ன என்று பொறுமையாகக் கேட்பதே வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களான நம் கடமை.